கஞ்சாவிலிருந்து மூளைக்கு: ரஃபேல் மெஷூலமின் ஆராய்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கஞ்சா பற்றிய பேச்சு எழுந்தாலே இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. ஒரு கட்சிக்கு அது சர்வரோக நிவாரணி, இன்னொன்றுக்கு அது குடும்பத்தைக் கெடுக்கும் விஷம். இந்தச் சண்டையில் இரு தரப்பும் துணைக்கு இழுக்கும் பெயர் ரஃபேல் மெஷூலம். அந்த மனிதர் உண்மையில் என்ன கண்டுபிடித்தார், அதனால் என்ன மாறியது என்று கேட்டு வருபவர்களுக்காக இந்தப் பக்கம்.

மெஷூலம் யார்?

1930 நவம்பர் 5 அன்று பல்கேரியத் தலைநகர் சோபியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா மருத்துவர். இரண்டாம் உலகப் போரின்போது அவரை வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் உயிர் பிழைத்தார். குடும்பம் 1949இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தது. மெஷூலம் அங்கே உயிர்வேதியியல் படித்து, ரெஹோவோட் நகரில் உள்ள வைஸ்மன் நிறுவனத்தில் 1958இல் முனைவர் பட்டம் பெற்றார். நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் சில காலம் பணியாற்றிவிட்டுத் திரும்பினார். 1960களின் நடுவில் ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்கு மாறி, கடைசிவரை அங்கேயே இருந்தார். 2023 மார்ச் 9 அன்று, 92 வயதில் காலமானார்.

அடிப்படையில் அவர் இயற்கைப் பொருள் வேதியியலாளர். தாவரங்களிலும் உயிரினங்களிலும் உள்ள சேர்மங்களைப் பிரித்து, அவற்றின் அமைப்பைக் கண்டறிவது அவர் தொழில். மூளை விஞ்ஞானி என்று அவருக்குப் பட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் மூளை ஆய்வின் ஒரு பெரிய துறை அவருடைய ஆய்வுக்கூடத்தில்தான் வேர்விட்டது.

அவர் ஏன் கஞ்சாவைத் தேர்ந்தெடுத்தார்?

அங்கே ஒரு பெரிய வெற்றிடம் இருந்தது. அபினிலிருந்து மார்ஃபினை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டார்கள். கோக்கோ இலையிலிருந்து கோகெயின் 1860 வாக்கில் வந்துவிட்டது. கஞ்சாவுக்கு மட்டும், போதை தருவது எந்தப் பொருள் என்று 1960 வரை யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. தூய பொருள் கையில் இல்லாவிட்டால் அளவு சொல்ல முடியாது. அளவு சொல்ல முடியாவிட்டால், ஓர் ஆய்வுக்கூடத்தின் முடிவை இன்னொன்று சரிபார்க்க முடியாது. அதுவரை நடந்த கஞ்சா ஆய்வுகள் பெரும்பாலும் இந்தச் சிக்கலில்தான் மாட்டியிருந்தன.

தாமதத்துக்கு வேதியியல் காரணமும் உண்டு. மார்ஃபினும் கோகெயினும் நைட்ரஜன் கொண்ட ஆல்கலாய்டுகள். அமிலத்தைச் சேர்த்தால் உப்பாகி, படிகமாகப் பிரிந்து வரும். கஞ்சாவின் சேர்மங்களில் நைட்ரஜன் இல்லை. ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான பல பொருள்கள் ஒட்டும் எண்ணெயாகக் கலந்து கிடக்கின்றன. அந்தக் காலத்துக் கருவிகளால் அவற்றைத் தனித்தனியாக எடுப்பது பெரும்பாடு.

அவருக்கு முன் முயன்றவர்களையும் சொல்லியாக வேண்டும். 1940 வாக்கில் அமெரிக்காவில் ரோஜர் ஆடம்ஸும் இங்கிலாந்தில் அலெக்ஸாண்டர் டாடும் கன்னாபிடியால் எனப்படும் சி.பி.டி.யைப் பிரித்திருந்தார்கள். ஆனால் அதன் சரியான அமைப்பு தெரியவில்லை, போதைக்குக் காரணமான பொருளும் பிடிபடவில்லை.

போலீஸிடமிருந்து ஹஷீஷ் எனும் கஞ்சாப் பிசினை வாங்கிப் பேருந்தில் கொண்டுவந்தார் என்பது உண்மையா?

உண்மைதான். அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆய்வுக்குக் கஞ்சா வேண்டும் என்று வைஸ்மன் நிறுவன நிர்வாகியிடம் கேட்டார். அவர் தமக்குத் தெரிந்த போலீஸ் அதிகாரிக்குப் போன் போட்டார். ஆள் நம்பகமானவரா என்று மறுமுனையில் கேட்டார்கள், ஆமாம் என்றார் நிர்வாகி. மெஷூலம் டெல் அவிவ் போய், லெபனானிலிருந்து கடத்தி வந்து பிடிபட்ட ஹஷீஷில் 5 கிலோவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினார். என்ன இந்த வாசனை என்று சக பயணிகள் கேட்கத் தொடங்கினார்களாம்.

அப்படிக் கொடுத்ததும் வாங்கியதும் சட்டப்படி தவறு, சுகாதார அமைச்சகத்தின் அனுமதி வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. அமைச்சகத்துக்குப் போய் வருத்தம் தெரிவித்து, முறைப்படி அனுமதி பெற்றார்.

1964இல் கண்டுபிடித்தது என்ன?

போதைக்குக் காரணமான முதன்மைப் பொருளான டெல்டா-9-டெட்ராஹைட்ரோகன்னாபினால். சுருக்கமாக டி.எச்.சி. மெஷூலமும் யெஹியேல் காவோனியும் அதைத் தூய வடிவில் பிரித்து, அமைப்பைக் கண்டறிந்து 1964இல் வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, யுவால் ஷ்வோவுடன் சேர்ந்து சி.பி.டி.யின் அமைப்பை மெஷூலம் வெளியிட்டிருந்தார். 1965இல் டி.எச்.சி.யைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியும் வந்தது.

வேலை நடந்த விதம் இதுதான். ஹஷீஷைக் கரைப்பானில் ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். அந்தச் சாறு, தூள் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாய் வழியாக மெல்ல இறங்கும். ஒவ்வொரு சேர்மமும் அந்தத் தூளில் வெவ்வேறு அளவுக்கு ஒட்டிக்கொள்வதால், கீழே சொட்டும்போது ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகச் சேகரித்து, மருந்தியலாளர் ஹபீப் எடெரியின் குழு குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. எந்தப் பகுதியைக் கொடுத்தபோது குரங்கு மந்தமாகி அமைதியாகிறதோ அதில்தான் சரக்கு இருக்கிறது. மற்றவற்றில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. அமைப்பைக் கண்டறிய, அப்போது புதிதாக வந்திருந்த அணுக்கரு காந்த ஒத்ததிர்வுக் கருவி கைகொடுத்தது.

இதில் ஒரு செய்தியை நான் அடிக்கடி வியந்து நினைப்பதுண்டு. டி.எச்.சி., சி.பி.டி. இரண்டிலும் இருப்பது அதே 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்ஸிஜன் அணுக்கள்தான். டி.எச்.சி.யில் ஒரு வளையம் மூடியிருக்கிறது, சி.பி.டி.யில் அது திறந்திருக்கிறது. வித்தியாசம் அவ்வளவே. ஆனால் ஒன்று போதை தருகிறது, மற்றொன்று தருவதில்லை.

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தாரா?

ஒரு முறை, தம் வீட்டிலேயே. மனைவி டாலியா கேக் செய்தார். நண்பர்கள் பத்துப் பேர். ஐந்து பேருக்குச் சாதாரண கேக், ஐந்து பேருக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி. கலந்த கேக். கலந்ததைச் சாப்பிட்ட ஐவரும் ஐந்து விதமாக நடந்துகொண்டார்கள். ஒருவர் ஏதோ கனவுலகில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். ஒருவர் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டே பேச்சை நிறுத்தாமல் பேசினார். ஒருவர் சிரித்துக்கொண்டே இருந்தார். ஒருவரைப் பதற்றம் பிடித்துக்கொண்டது.

இன்று எந்த அறநெறிக் குழுவும் இதற்கு அனுமதி தராது. தரவும் கூடாது. ஆனால் ஒரே அளவு ஆளுக்கு ஆள் இவ்வளவு மாறுபட்ட விளைவைத் தரும் என்ற அந்த முதல் கவனிப்பு இன்றுவரை பொருந்துகிறது. கஞ்சாவை மருந்தாக்குவதில் மருத்துவர்கள் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

செடியை ஆராய்ந்தவர் மூளைக்கு எப்படி வந்தார்?

மெஷூலமின் தாக்கம் எது என்று ஒரே பதில் கேட்டால், டி.எச்.சி.யைவிட இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் நான் சொல்வேன்.

1980களின் பிற்பகுதி வரை, டி.எச்.சி. மூளையில் எப்படி வேலை செய்கிறது என்பதில் பலருக்கும் ஒரு கருத்து இருந்தது. அது கொழுப்பில் கரையும் பொருள், செல்லின் மேலுறையில் கரைந்து அதைக் கலைத்துவிடுகிறது, அவ்வளவுதான் என்றார்கள். மெஷூலமின் குழு இதைச் சோதிக்க ஒரு வழி கண்டது. டி.எச்.சி. வகையைச் சேர்ந்த, மிக வீரியமான ஒரு மூலக்கூறையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் மிகத் தூய்மையாகத் தயாரித்தார்கள். எச்.யு.-210, எச்.யு.-211 என்று பெயர். கொழுப்பில் கரைவதில் இரண்டும் ஒன்றே. கரைவதுதான் காரணம் என்றால் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும். செய்யவில்லை. 210 டி.எச்.சி.யைவிடப் பல மடங்கு வீரியத்தோடு வேலை செய்தது. 211க்கு அந்த விளைவே இல்லை. இடது கால் செருப்பு வலது காலில் சேராததுபோல, மூளையில் இந்த மூலக்கூறு பொருந்த வேண்டிய குறிப்பிட்ட வடிவம் கொண்ட இடம் ஒன்று இருந்தாக வேண்டும் என்று தெளிவாயிற்று.

அந்த இடத்தை 1988இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ஆலின் ஹௌலெட்டும் அவருடைய மாணவர் வில்லியம் டெவேனும் எலி மூளையில் காட்டினார்கள். 1990இல் லிசா மட்சுடா குழு அதன் மரபணுவைப் பிரித்தது. இன்று நாம் சி.பி.1 ஏற்பி என்று சொல்வது அதைத்தான். 1993இல் ஷான் முன்ரோ குழு, நோயெதிர்ப்பு செல்களில் அதிகம் உள்ள சி.பி.2 ஏற்பியைக் கண்டது.

அப்போது மெஷூலம் கேட்ட கேள்விதான் துறையைத் திருப்பியது. மனித மூளையில் ஓர் ஏற்பி இருப்பது எங்கோ மலையில் முளைக்கும் ஒரு செடிக்காக இருக்க முடியாது. அப்படியென்றால் மூளையே சொந்தமாக ஏதோ ஒன்றைச் சுரக்கிறது. அது என்ன?

டெவேன் ஜெருசலேமுக்கு வந்து சேர்ந்தார். செக் நாட்டிலிருந்து லூமிர் ஹனூஷ் வந்தார். பன்றி மூளைகளை அரைத்து, அதிலுள்ள கொழுப்புப் பொருள்களைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். கதிரியக்கக் குறியிட்ட ஒரு பொருளை முதலில் ஏற்பியில் ஒட்டவைப்பார்கள். பிறகு மூளையிலிருந்து எடுத்த ஒவ்வொரு பகுதியையும் சேர்த்து, எது அந்தப் பொருளைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். கிடைத்தது மிக மிகச் சிறிய அளவு. அதுவும் எளிதில் சிதைந்துபோகும் பொருள். ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ரோஜர் பெர்ட்வீ எலித் திசுவில் சோதித்து, அது டி.எச்.சி.யைப் போலவே செயல்படுவதை உறுதி செய்தார். 1992 டிசம்பரில் முடிவு வெளியானது. சமஸ்கிருதத்து ஆனந்தத்தை எடுத்து, வேதியியல் விகுதி சேர்த்து, அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள்.

1995இல் இரண்டாவது பொருள் கிடைத்தது, 2-ஏ.ஜி. மெஷூலமின் குழு அதை நாயின் குடலிலிருந்து எடுத்தது. அதே ஆண்டு ஜப்பானில் சுகியுரா குழு தனியாக மூளையில் கண்டது.

இந்த ஏற்பிகளும் உள்ளூறும் பொருள்களும் சேர்ந்த அமைப்பு மூளையில் என்ன செய்கிறது?

வழக்கமாக ஒரு நியூரானிலிருந்து அடுத்த நியூரானுக்குச் செய்தி ஒரே திசையில்தான் போகும். முன்னால் இருப்பது வேதிப்பொருளை விடும், பின்னால் இருப்பது வாங்கிக்கொள்ளும். எண்டோகன்னாபினாய்டுகள் எனப்படும் இந்த உள்ளூறும் பொருள்கள் எதிர்த் திசையில் பயணிக்கின்றன. செய்தி வாங்கும் நியூரான் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால், அங்கேயே அப்போதே 2-ஏ.ஜி.யைத் தயாரித்து விடுகிறது. அது பின்னோக்கிப் போய், அனுப்பும் நியூரானில் உள்ள சி.பி.1 ஏற்பியில் உட்கார்ந்து, போதும், குறைத்துக்கொள் என்கிறது. 2001இல் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனிக் குழுக்கள் இதைக் காட்டின. வேலை முடிந்ததும் நொதிகள் அந்தப் பொருளைச் சிதைத்துவிடும். தேவைப்படும்போது, தேவைப்படும் இடத்தில், தேவையான அளவு மட்டும்.

கஞ்சா புகைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் இதுதான். வெளியிலிருந்து வரும் டி.எச்.சி. எந்த இடம் என்று பார்ப்பதில்லை. மூளை முழுவதும் உள்ள சி.பி.1 ஏற்பிகளில் ஒரே நேரத்தில் உட்காருகிறது, சீக்கிரம் சிதைவதும் இல்லை. ஹிப்போகாம்பஸில் உட்காரும்போது நினைவு தடுமாறுகிறது. சிறுமூளையிலும் அடித்தள நரம்பு முடிச்சுகளிலும் உட்காரும்போது அசைவும் நேர உணர்வும் குழம்புகின்றன. மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டுப் பகுதியில் இந்த ஏற்பிகள் மிகக் குறைவு. அபின் வகைப் போதைப்பொருள் அளவு மீறினால் மூச்சு நின்று உயிர் போவதுபோல் கஞ்சாவில் நேராததற்கு அதுவே காரணம்.

இந்த அமைப்பை அடைத்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு நிகழ்வுகள் காட்டின. ஜெருசலேமில் மெஷூலமோடு பணியாற்றிய எஸ்டர் ஃப்ரீட், பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு முதல் நாளே சி.பி.1 அடைப்பானைக் கொடுத்தார். குஞ்சுகள் பால் குடிக்கவில்லை, பெரும்பாலானவை சில நாள்களில் இறந்தன. பசியோடும் பாலோடும் இந்த அமைப்புக்கு அவ்வளவு ஆழமான தொடர்பு. இன்னொன்று மனிதர்களில் நடந்தது. சி.பி.1ஐ அடைத்தால் பசி குறையும் என்ற தர்க்கத்தில் ரிமோனபன்ட் என்ற எடைகுறைப்பு மருந்து 2006இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. எடை குறைந்தது. கூடவே சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2008இல் மருந்தை நிறுத்தினார்கள். எடையைக் குறிவைத்த மருந்து மனநிலையைத் தொட்டதற்குக் காரணம், இரண்டும் ஒரே ஏற்பியைச் சார்ந்திருப்பதே.

பய நினைவுகளுக்கும் இதில் பங்கு உண்டு. சி.பி.1 இல்லாமல் பிறக்கவைத்த எலிகளால், ஆபத்து நீங்கிய பிறகும் பழைய பயத்தை விட முடியவில்லை என்று 2002இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு காட்டியது. தலையில் அடிபட்ட எலிகளுக்கு 2-ஏ.ஜி. கொடுத்தால் மூளை வீக்கம் குறைவதை எஸ்தர் ஷொஹாமியும் மெஷூலமும் 2001இல் வெளியிட்டார்கள்.

வலிப்பு நோய்க்கான மருந்து இவர் ஆராய்ச்சியிலிருந்து வந்ததா?

ஆம். ஆனால் வந்து சேர முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. மனத்தை உறுத்தும் பகுதி அதுதான்.

1970களில் மெஷூலமும் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் இருந்த எலிசால்டோ கார்லினியும் சேர்ந்து, மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயாளிகளுக்குச் சி.பி.டி. கொடுத்துப் பார்த்தார்கள். 15 பேர். எட்டுப் பேருக்குத் தினமும் 200 முதல் 300 மில்லிகிராம் சி.பி.டி., ஏழு பேருக்கு மருந்துப்போலி, அதாவது பார்க்க மருந்துபோல் இருந்தாலும் மருந்து இல்லாத பொருள். ஏற்கெனவே எடுத்துவந்த மாத்திரைகளும் தொடர்ந்தன. சி.பி.டி. எடுத்த எட்டுப் பேரில் நால்வருக்கு வலிப்பு ஏறத்தாழ நின்றே போனது. மூவருக்கு ஓரளவு குறைந்தது. மருந்துப்போலி எடுத்தவர்களில் ஒருவருக்கு மட்டுமே முன்னேற்றம். 1980இல் வெளியிட்டார்கள்.

15 பேரில் செய்த சிறிய ஆய்வுதான், அதை வைத்து மருந்து விற்க முடியாது. ஆனால் அடுத்து 150 பேரில் செய்து பார்க்க அது போதுமான காரணம். யாரும் பெரிதாகச் செய்யவில்லை. சி.பி.டி. போதை தராது என்று தெரிந்திருந்தும், கஞ்சாவில் இருப்பது என்ற ஒரே காரணத்தால் ஒதுக்கினார்கள். செடியிலிருந்து வரும் பழைய மூலக்கூறுக்குக் காப்புரிமை எடுப்பது கடினம் என்பதால் மருந்து நிறுவனங்களுக்கும் ஆர்வம் இல்லை. அந்த ஆண்டுகளில் ஒரு நாளைக்குப் பத்து, இருபது முறை வலிப்பு வந்த குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை பெற்றோர் உட்கார்ந்திருந்திருப்பார்கள்! மெஷூலம் கடைசிக் காலம் வரை இதைப் பேட்டிகளில் வருத்தத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரிய ஆய்வு 2017இல் வந்தது. டிராவே நோய்க்குறி என்ற கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு உள்ள 120 பேரில் நடந்தது. சி.பி.டி. எடுத்தவர்களுக்கு மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்புகளின் இடைநிலை எண்ணிக்கை 5.9 ஆகக் குறைந்தது. மருந்துப்போலி குழுவில் 14.9இலிருந்து 14.1. அடுத்த ஆண்டு ஜூனில் எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் சி.பி.டி. மருந்துக்கு, டிராவே, லெனாக்ஸ்-கஸ்தோ ஆகிய இரு வலிப்பு நோய்க்குறிகளுக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. 2020இல் டியூபரஸ் ஸ்கிலிரோசிஸ் நோயில் வரும் வலிப்பும் பட்டியலில் சேர்ந்தது.

வேறு என்ன மருந்துகள் வந்திருக்கின்றன?

செயற்கையாகத் தயாரித்த டி.எச்.சி.யான ட்ரோனபினால், கீமோதெரபியால் வரும் குமட்டலுக்கு 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோயில் வரும் தசை இறுக்கத்துக்கு, டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் கலந்த வாய்த் தெளிப்பு மருந்து 2010இல் பிரிட்டனில் வந்தது.

ஜெருசலேமில் குழந்தை மருத்துவர் ஆயா அப்ரஹாமோவும் மெஷூலமும் செய்த ஒன்றும் நினைவில் நிற்கிறது. புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்த எட்டுக் குழந்தைகளுக்கு டெல்டா-8-டி.எச்.சி.யை எண்ணெயில் கலந்து நாக்கில் சொட்டுகளாகக் கொடுத்தார்கள். மொத்தம் 480 முறை. வாந்தி நின்றது, பக்கவிளைவுகள் மிகக் குறைவு. 1995இல் வெளியான இந்த முடிவையும் எவரும் பெரிய அளவில் தொடரவில்லை.

தோல்விகள் எதுவும் இல்லையா?

உண்டு. எச்.யு.-211 நினைவிருக்கிறதா? போதை தராத அந்தக் கண்ணாடிப் பிம்பம் எலிகளில் மூளைக் காயத்தைக் குறைத்தது. டெக்ஸனபினால் என்ற பெயரில், தலையில் பலத்த அடிபட்ட 861 நோயாளிகளில் சோதித்தார்கள். 2006இல் வந்த முடிவு: பாதுகாப்பானது, ஆனால் பயன் இல்லை.

2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் நடந்தது அதைவிடத் துயரமானது. ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் ஒரு புதிய மருந்தை ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது ஒருவர் இறந்தார், சிலருக்கு மூளை பாதிக்கப்பட்டது. மெஷூலமுக்கு அதில் பங்கு எதுவும் இல்லை. அதே நொதியைத் தடுக்கும் மற்ற மருந்துகளில் இப்படி நேராததால், அந்தக் குறிப்பிட்ட மூலக்கூறு வேறு புரதங்களையும் தாக்கியதே காரணம் என்று கருதப்படுகிறது.

எச்.யு.-210க்கு இன்னொரு கதி நேர்ந்தது. ஆய்வுக்கூடத்துக்காக உருவான அந்த வீரியமான பொருள், பிற்காலத்தில் ஸ்பைஸ் என்ற பெயரில் விற்ற, புகைக்கும் மூலிகைக் கலவைகளில் கலந்து பிடிபட்டது.

அப்படியானால் கஞ்சா பாதுகாப்பானது என்று அவர் நிரூபித்துவிட்டாரா?

இல்லை. அவர் அப்படிச் சொன்னதும் இல்லை. கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்துவதென்றால், மற்ற எந்த மருந்தையும்போல அளவு, தூய்மை, மருத்துவச் சோதனை எல்லாம் வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

ஆபத்து யாருக்கு என்பதும் இன்று தெளிவாகி வருகிறது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், தினமும் கஞ்சா புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வகை நோய்கள் வரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிடச் சுமார் 3 மடங்கு. டி.எச்.சி. 10 சதவீதத்துக்கு மேல் உள்ள வீரியமான வகையைத் தினமும் எடுப்பவர்களுக்கு அது 5 மடங்கை நெருங்கியது. பதின்ம வயதில் மூளை இன்னும் தன்னைக் கட்டிக்கொண்டிருக்கிறது. எந்த நரம்பு இணைப்பு நிலைக்க வேண்டும், எது போக வேண்டும் என்று முடிவாகும் வேலையில் சி.பி.1 ஏற்பிகளுக்குப் பங்கு உண்டு. அந்த வயதில் வெளியிலிருந்து டி.எச்.சி.யைக் கொட்டுவது, அந்த வேலையில் கைவைப்பது. இது மருந்துதானே என்று சொல்லும் பதினாறு வயதுப் பையனுக்கு மெஷூலமின் ஆராய்ச்சியே எதிர்ச்சாட்சி.

இந்தியாவுக்கும் இந்தத் துறைக்கும் தொடர்பு உண்டா?

பெயரில் மட்டுமல்ல, வரலாற்றிலும் உண்டு. கஞ்சாவை நவீன மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தியவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த ஐரிஷ் மருத்துவர் வில்லியம் ஓஷானசி. 1839இல் அவர் எழுதிய கட்டுரையில், பிறந்து சில வாரங்களே ஆன ஒரு பெண் குழந்தையின் வலிப்புக்குக் கஞ்சாச் சாறு கொடுத்துக் குணம் கண்டதைப் பதிவு செய்திருக்கிறார். எபிடியோலெக்ஸ் வருவதற்கு 179 ஆண்டுகளுக்கு முன்! அவர் கையில் தூய பொருள் இல்லை, அதனால் ஒரு புட்டியின் வீரியம் அடுத்த புட்டியில் இல்லை. ஐரோப்பிய மருத்துவர்கள் பின்னாளில் கஞ்சாச் சாற்றைக் கைவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றைய இந்தியச் சட்டம் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம். பூவும் காயும் உள்ள நுனிப் பகுதியான கஞ்சாவும், பிசினான சரஸும் தடைக்குள் வரும். நுனிப் பகுதி சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வருவதில்லை.

ஒரு விஞ்ஞானியின் தாக்கத்தை எப்படி அளப்பது?

கட்டுரைகளை எண்ணலாம். மெஷூலம் பெயரில் நானூறுக்கும் மேல் இருக்கின்றன. விருதுகளையும் எண்ணலாம், 2000இல் இஸ்ரேல் பரிசு கிடைத்தது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் பிரித்தெடுத்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்தார். 1960களில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்திடம் நிதி கேட்டபோது, கஞ்சா இங்கே பிரச்சினை இல்லை என்று மறுத்துவிட்டார்கள். சிறிது காலத்தில் அங்கிருந்தே ஆள் தேடி வந்தது. அப்போது தம்மிடம் இருந்த டி.எச்.சி. முழுவதையும், சுமார் 10 கிராம், கொடுத்தனுப்பினார். அமெரிக்காவின் ஆரம்பகால ஆய்வுகள் பல அதை வைத்துத்தான் நடந்தன. அந்த நிறுவனத்தின் நிதியும் அதன்பின் பல பத்தாண்டுகள் அவருக்குத் தொடர்ந்து வந்தது.

ஹௌலெட்டின் ஏற்பி, மட்சுடாவின் மரபணு, ஃப்ரீடின் எலிக்குஞ்சுகள், டிராவே குழந்தைகளின் மருந்து, இவை எதுவும் தூய மூலக்கூறும் அதன் சரியான படமும் இல்லாமல் நடந்திருக்க முடியாது. அந்த இரண்டையும் தந்ததுதான் அவர் தாக்கம்.

நோபல் ஏன் கிடைக்கவில்லை?

பரிந்துரை ஆவணங்களை 50 ஆண்டுகள் வரை வெளியிடமாட்டார்கள். இப்போது எது சொன்னாலும் ஊகம். கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

என் குழந்தைக்கு வலிப்பு இருக்கிறது. ஆன்லைனில் விற்கும் சி.பி.டி. எண்ணெயை வாங்கிக் கொடுக்கலாமா?

இந்தக் கேள்வியின் பின்னால் இருக்கும் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் தயவுசெய்து நீங்களாகத் தொடங்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். டிராவே ஆய்வில் கொடுத்த அளவு ஒரு கிலோ உடல் எடைக்குத் தினமும் 20 மில்லிகிராம். நடைமுறையில் பலருக்கு 10 மில்லிகிராமில் நிறுத்துகிறார்கள். 20 கிலோ குழந்தைக்கு அந்தக் குறைந்த அளவே நாளுக்கு 200 மில்லிகிராம் ஆகிறது. 5 சதவீதம் என்று எழுதிய 10 மில்லிலிட்டர் புட்டியில் இருப்பது 500 மில்லிகிராம், அதாவது இரண்டரை நாளுக்கு வரும். அந்தப் புட்டியை ஒரு மாதத்துக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால், ஆய்வில் பலன் தந்த மருந்தைக் கொடுத்ததாக ஆகாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. குளோபசாம் என்ற வலிப்பு மாத்திரை எடுக்கும் குழந்தைக்குச் சி.பி.டி. சேர்த்தால், குளோபசாமின் வீரியமான வழிப்பொருள் இரத்தத்தில் பல மடங்கு ஏறும், குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கும். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் உயரலாம். அதனால் இரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துத்தான் அளவை ஏற்றுவார்கள். எண்ணெய் ஏற்கெனவே வாங்கியிருந்தால் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு குழந்தையின் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், இதுவரை எத்தனை சொட்டு கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இப்போது கொடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரைகளை அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால், விடாமல் தொடரும் வலிப்பு வரக்கூடும்.